மாக்ஸ் போடும் நாளில் செய்யக் கூடாதவை

ஒரே ஒரு தடவை ஒழுங்காகத் தூக்கக்கூடிய உச்ச எடையைத்தான் ஜிம்மில் மாக்ஸ் என்கிறோம். அடுத்த சில மாதப் பயிற்சிக்கான எடைகளை இந்த எண்ணை வைத்துத்தான் கணக்குப் போடுகிறோம். எண் தப்பானால் கணக்கு முழுவதும் தப்பு.

அடிக்கடி நடக்கும் தவறு, வார்ம்-அப்பிலேயே களைத்துப்போவது. 100 கிலோ ஸ்குவாட்டுக்கு (பாரைத் தோளில் சுமந்து உட்கார்ந்து எழுவது) வந்தவர் 60, 70, 80 என்று எல்லாவற்றிலும் பத்துப் பத்து ரெப் (ஒரு ரெப் என்றால் ஒரு தடவை தூக்கி இறக்குவது) அடித்துவிட்டு 95இல் சிக்கிக்கொள்வார். எடை ஏற ஏற ரெப் குறைய வேண்டும். 20 கிலோ வெறும் பாரில் பத்து, 50இல் ஐந்து, 70இல் மூன்று, 80இலும் 90இலும் ஒவ்வொன்று. அப்புறம் 3 முதல் 5 நிமிடம் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டு 95. அதற்கு மேல் 2.5 கிலோவாக ஏற்றினால் போதும். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் பளுதூக்கும் வீராங்கனை கர்ணம் மல்லேஸ்வரி 130 கிலோ தூக்கிய பிறகு ஒரேயடியாக 137.5 கேட்டார், அது கைகூடவில்லை, வெண்கலம் கிடைத்தது. தங்கத்துக்காகக் காட்டிய துணிச்சல் அது. நமக்கு அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை.

எடைக்காக ஆழத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். பவர்லிஃப்டிங் போட்டியில் இடுப்பு மடிப்பு முழங்காலின் மேற்பகுதிக்குக் கீழே இறங்கினால்தான் ஸ்குவாட் செல்லும். பாதியில் எழுந்த 110ஐ என்னால் 110 என்று எழுத முடியாது.

தனியாக பெஞ்ச் பிரஸ் (மல்லாந்து படுத்து பாரை மேலே தள்ளுவது) மாக்ஸ் போடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். பின்னால் ஒருவர் நிற்கட்டும். "நான் சொன்னாத்தான் பாரைத் தொடணும், மாட்டிக்கிட்டா உடனே பிடிச்சிடுங்க" என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள். அவர் விரல் பட்டுவிட்டால் அந்த ரெப் கணக்கில் இல்லை. ரத்த அழுத்தமோ ஹெர்னியாவோ இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது. மூச்சை அடக்கித் தூக்கும்போது அழுத்தம் சட்டென்று எகிறும்.

புதிதாகச் சேர்ந்தவருக்கு மாக்ஸே தேவையில்லை. ரெப் எண்ணிக்கையை 30ஆல் வகுத்து, 1 கூட்டி, எடையால் பெருக்குங்கள். மாக்ஸைத் தூக்கிப் பார்க்காமலே உத்தேசமாகக் கணிக்கும் எப்லி சூத்திரம் இதுதான். 80 கிலோவை ஐந்து முறை தூக்கினால் சுமார் 93 வரும். பத்து ரெப்புக்கு மேல் போனால் இந்தக் கணக்கை நம்ப வேண்டாம்.

பக்கத்து ரேக்கில் இருப்பவரின் எண்ணோடு ஒப்பிடுவதுதான் மனதை அதிகம் கெடுக்கிறது. அவர் உடல் எடை வேறு, பயிற்சி செய்த வருடங்கள் வேறு. நைட் ஷிப்ட் முடித்து வந்து போன தடவை தூக்கிய அதே 90ஐ இன்று அதே ஆழத்தில் தூக்கியிருந்தால், அது எனக்கு நல்ல நாள்தான். அதனால் எண்ணை மட்டும் எழுதாமல், அன்றைய உடல் எடை, தூங்கிய நேரம், கடைசி ரெப் எங்கே தடுமாறியது என்பதையும் பக்கத்திலேயே குறித்து வையுங்கள்.