பேசத் தொடங்கும் வயதில் கையில் போன்: வீடுகளில் நடக்கும் தவறுகள்

குழந்தை ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் போன் பார்க்கலாம்? சின்னக் குழந்தை இருக்கும் வீடுகளில் இந்தக் கேள்வி வராமல் இருப்பதில்லை. பதிலும் தெளிவாகவே இருக்கிறது. உலக சுகாதார அமைப்பு 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 2 வயது நிறையும்வரை போனும் வேண்டாம், டிவியும் வேண்டாம். 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது. இந்தியக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பு சொல்வதும் ஏறக்குறைய இதுதான்.

ஆனால் கடிகாரத்தை மட்டும் பார்ப்பதுதான் நாம் செய்யும் முதல் தவறு. போன் ஓடும் நேரத்தில் குழந்தைக்கு எது கிடைக்காமல் போனது என்று பார்க்க வேண்டும். பேச்சா, தூக்கமா, வெயிலில் ஓடுவதா, சோற்றை மெல்லுவதா? கெடுதல் பெரும்பாலும் அந்த இழப்பிலிருந்துதான் தொடங்குகிறது.

பல வீடுகளில் போன் முதலில் உள்ளே வருவது சாப்பாட்டு நேரத்தில்தான். ஆறு மாதத்தில் திட உணவு தொடங்குகிறோம். எட்டு, ஒன்பது மாதத்தில் குழந்தை வாயை மூடிக்கொள்ளும், முகத்தைத் திருப்பும். ஒரு பாட்டைப் போட்டால் வாய் தானாகத் திறக்கிறது, கிண்ணம் காலியாகிறது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் அந்த முகத்திருப்பல்தான் குழந்தை ‘போதும்’ என்று சொல்லும் விதம். கண் திரையிலேயே இருந்தால் வயிறு நிறைந்தது அதற்குத் தெரியாது. மெல்லுவதும் குறையும், வாயில் போவது பருப்பா கீரையா என்பதும் பதியாது. இரண்டு வயதைத் தாண்டியும் மசித்த சோறு மட்டும்தான் இறங்குகிறது என்று கவலைப்படும் வீடுகளில், சாப்பிடும்போது என்ன ஓடுகிறது என்று பார்த்தால் பாதிக் காரணம் தெரிந்துவிடும்.

இதை மாற்ற முடியும். வீட்டில் எல்லோரும் சாப்பிடும்போது குழந்தையையும் உடன் உட்காரவையுங்கள். இட்லியைப் பிய்த்து அதன் தட்டில் போடுங்கள், கையால் பிசையட்டும், சிந்தட்டும். அரை மணி நேரத்துக்குள் சாப்பிடவில்லையா, சரி, தட்டை எடுத்துவிடுங்கள். அடுத்த வேளைக்குப் பசிக்கும். முதல் சில நாள் அழுகை இருக்கும், அளவும் குறையும். எடை சரியாக இருக்கும் குழந்தை அதைத் தாங்கிக்கொள்ளும். எடை குறைவான குழந்தை என்றால் மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள்.

அடுத்த தவறு பார்க்கப் பெருமையாக இருக்கும், அதனால்தான் அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. இருபது மாதக் குழந்தை ஏ முதல் இசட் வரை சொல்கிறது, நிறங்களின் பெயரை ஆங்கிலத்தில் அடுக்குகிறது, விருந்தாளிகள் முன் பாட்டும் பாடுகிறது. அதே குழந்தை தாகம் எடுத்தால் ‘தண்ணி’ என்று கேட்பதில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. ஜன்னலில் காக்காய் வந்தால் விரலை நீட்டிக் காட்டி நம் முகத்தைப் பார்ப்பதில்லை. ஒப்பிப்பதைப் பேச்சு என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். பேச்சு என்பது இன்னொருவரிடம் எதையாவது சொல்ல வேண்டும் என்ற ஆசையில் பிறப்பது. வீடியோவிடம் கேட்கவும் முடியாது, அது பதில் சொல்லவும் செய்யாது.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பாட்ரிசியா கூல் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. ஆங்கிலம் பேசும் வீடுகளில் வளரும் 9 மாதக் குழந்தைகளுக்கு, சீன மொழி பேசுபவர்கள் நேரில் உட்கார்ந்து 12 அமர்வுகள் விளையாட்டுக் காட்டிக் கதை சொன்னார்கள். அந்தக் குழந்தைகள் சீன மொழியின் ஒலிகளைப் பிரித்து அறியக் கற்றுக்கொண்டார்கள். அதே ஆட்களை, அதே அளவு நேரம் வீடியோவில் பார்த்த குழந்தைகள் எதையும் கற்கவில்லை. ஒலி ஒன்றுதான், பேசியவர்களும் ஒன்றுதான். எதிரில் ஆள் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆகவே பேச்சு வரட்டும் என்று ரைம்ஸ் போட்டுக் கொடுப்பதால் பயனில்லை. வெங்காயம் உரிக்கும்போது ‘இது வெங்காயம், தோலை எடுக்கலாமா?’ என்று கேட்டுவிட்டு ஒரு நிமிடம் காத்திருங்கள். குழந்தை ‘ஆ’ என்றாலும் அது பதில்தான். அதற்குத் திருப்பிப் பேசுங்கள். வெளிநாட்டில் இருக்கும் தாத்தா பாட்டியோடு வீடியோ காலில் பேசுவது வேறு விஷயம். அங்கே எதிரில் ஒருவர் சிரிக்கிறார், பதில் சொல்கிறார். மருத்துவர்களும் அதற்கு விலக்கு தருகிறார்கள்.

‘குழந்தை பார்ப்பதில்லை, டிவி சும்மா ஓடுகிறது’ என்பதும் சரியல்ல. அமெரிக்காவில் குழந்தைகளின் உடையில் சிறிய ஒலிப்பதிவுக் கருவியை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2009-இல் வெளியானது. டிவி சத்தம் கேட்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும், பெரியவர்களிடமிருந்து குழந்தை கேட்கும் சொற்கள் சுமார் 770 குறைந்திருந்தன. மாலை ஆறு மணிக்குத் தொடங்கும் சீரியல் பத்து மணி வரை ஓடும் வீட்டில் என்ன நடக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். நம் கையில் இருக்கும் போனும் இதே வேலையைத்தான் செய்கிறது. குழந்தை எதையோ காட்டுகிறது, நாம் தலை நிமிராமல் ‘ம்ம்’ என்கிறோம். நாலைந்து முறை இப்படி ஆனால் அது காட்டுவதைக் குறைத்துக்கொள்ளும்.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். இந்தத் தவறுகள் எல்லாவற்றையும் அம்மாவின் தலையில் போடும் பழக்கம் மிக மோசமானது. சமையல், துணி, அலுவலக வேலை எல்லாம் ஒருத்தியிடம் இருக்க, உதவிக்கு ஆள் இல்லாத அடுக்குமாடி வீட்டில் அவள் போனை எடுத்துக் கொடுக்கிறாள். மாலையில் அப்பா குழந்தையை ஒரு மணி நேரம் வெளியே கூட்டிப் போனால், போன் தேவைப்படும் நேரம் தானாகக் குறையும். அறிவுரை சொல்ல வரும் உறவினர்களும் குழந்தையை அரை மணி நேரம் மடியில் வைத்துக்கொள்ளலாம்.

அழும்போதெல்லாம் போனைக் கொடுத்து அடக்குவது இன்னொரு தவறு. 3 முதல் 5 வயதுக் குழந்தைகளிடம் செய்து 2022-இல் வெளியான ஓர் ஆய்வில், அடிக்கடி இப்படிச் சமாதானப்படுத்தப்பட்ட குழந்தைகளிடம் பின்னாளில் கோபமும் அழுகையும் கூடியிருந்தது. ஆண் குழந்தைகளிடம் இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. ஏமாற்றத்தைத் தாங்க அவர்களுக்குப் பழக வாய்ப்பே கிடைப்பதில்லை. அதேபோல, ஓடிக்கொண்டிருக்கும் வீடியோவைப் பாதியில் பிடுங்காதீர்கள். ‘இந்தப் பாட்டு முடிந்ததும் நிறுத்தணும்’ என்று முன்பே சொல்லிவிட்டு, சொன்னபடி நிறுத்துங்கள். அடுத்தது தானாக ஓடும் வசதியை யூடியூபில் அணைத்து வையுங்கள், இல்லாவிட்டால் அந்தப் பாட்டுக்கு முடிவே கிடையாது.

படுக்கையில் போன் கூடவே கூடாது. 3, 4 வயதில் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் தேவை. தூங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள்.

கண் விஷயத்தில் பணம்தான் வீணாகிறது. நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடியை வாங்கி மாட்டிவிட்டால் கவலை இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அந்தக் கண்ணாடி கண் சோர்வைக் குறைப்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு 2023-இல் சொன்னது. கிட்டப்பார்வையைத் தள்ளிப்போடுவது வெளிச்சம். சீனாவின் குவாங்சௌ நகரப் பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளைத் தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெளியே விட்டார்கள். மூன்று ஆண்டுகளில் அவர்களில் சுமார் 30 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது. அப்படி விடாத பள்ளிகளில் அது சுமார் 40 சதவீதம். நமக்கு வெயிலுக்குப் பஞ்சமே இல்லை. காலை எட்டு மணி வெயிலும் மாலை ஐந்து மணி வெயிலும் போதும்.

கடைசியாக, மிகவும் நஷ்டம் தரும் தவறு, காத்திருப்பது. ‘அவங்க அப்பாவும் மூணு வயசுலதான் பேசினார்’ என்று வீட்டில் சொல்வார்கள். ‘போனை நிறுத்தினால் சரியாகிவிடும்’ என்று இன்னொருவர் சொல்வார். போன் ஆட்டிசத்தை உண்டாக்குவதாக நிரூபிக்கப்படவில்லை. அதே நேரம், பேச்சு வராததற்குக் காது கேளாமையோ வேறு வளர்ச்சிக் குறைபாடோ காரணமாக இருக்கலாம். பழியைப் போன் மேல் போட்டுவிட்டு அதைத் தவறவிடக்கூடாது. ஒரு வயதில் பெயருக்குத் திரும்பவில்லை, விரல் நீட்டிக் காட்டவில்லை என்றாலும், 16 மாதத்தில் ஒரு சொல்கூட வரவில்லை என்றாலும், 2 வயதில் ‘அம்மா வா’ போல இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை என்றாலும், போனை நிறுத்துங்கள், அதே வாரம் மருத்துவரையும் பாருங்கள். முதலில் செவித்திறன் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைத் தொடக்கத்திலேயே கவனிக்க, அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் இயங்கும் மாவட்ட இடையீட்டு சேவை மையங்களில் பரிசோதனையும் பேச்சுப் பயிற்சியும் இலவசம். எங்கே போவது என்று தெரியாவிட்டால் அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ விசாரியுங்கள்.