பைக் டயருக்கு எவ்வளவு காற்று? அளக்கும் முறையும் அடிக்கும் முறையும்

பர்மாவில் மோல்மேன், தட்டோன் பக்கம் பலர் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தே காற்று போதுமா என்று முடிவு செய்கிறார்கள். பிஎஸ்ஐ என்பது காற்றழுத்தத்தின் அளவு. 22 பிஎஸ்ஐயும் 33 பிஎஸ்ஐயும் விரலுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு பிரஷர் கேஜ் வாங்கி சீட்டுக்கு அடியில் போட்டுவிடுங்கள்.

1. உங்கள் வண்டியின் எண்

செயின் கவரிலோ ஸ்விங் ஆர்மிலோ ஸ்டிக்கர் இருக்கும். தாய், சீன எழுத்து புரியாவிட்டாலும் எண் புரியும். 2.00, 2.25 என்றிருந்தால் அது கிலோ கணக்கு (சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ), பிஎஸ்ஐக்கு மாற்ற 14.2 ஆல் பெருக்குங்கள். 200, 225 என்றிருந்தால் கிலோபாஸ்கல், 6.9 ஆல் வகுங்கள். ஹோண்டா வேவ் போன்ற 110–125 சிசி வண்டிகளுக்கு முன்னால் 29, பின்னால் 33 என்பது வழக்கமான அளவு. டயரின் பக்கத்தில் அச்சடித்திருக்கும் எண் அந்த டயர் தாங்கும் உச்சம். அதுவரை அடித்தால் வண்டி துள்ளும், டயரின் நடுப்பகுதி மட்டும் தேயும்.

2. காலையில் அளங்கள்

வண்டி மூன்று மணி நேரமாவது நிழலில் நின்றிருக்க வேண்டும். 10 டிகிரி சூடு ஏறினால் ஏறக்குறைய 1.7 பிஎஸ்ஐ கூடிவிடும். ஓட்டி வந்த டயரில் 36 காட்டுகிறதே என்று காற்றை இறக்கிவிட்டால் மறுநாள் காலை அளவு குறைந்து நிற்கும்.

3. கடையில் எப்படி அடிப்பது

புதிதாக ஓட்டுகிறவர்கள் தவறுவது இங்கேதான். 'லேதோ' கடைக்கு, அதாவது காற்று அடிக்கும் கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் டயர் சூடாகிவிடும். ஆகவே வீட்டில் அளந்த குறையை மனதில் வையுங்கள். காலையில் 27 இருந்தது, தேவை 33, குறை 6. கடையில் உங்கள் கேஜ் 29 காட்டினால் 35 வரை அடிக்கச் சொல்லுங்கள். கடைக்காரர் கேஜையும் உங்கள் கேஜையும் கலக்காதீர்கள். இரண்டும் ஒத்துப்போகும் என்று நம்ப முடியாது.

4. பாரம்

பின்னால் ஆள் ஏறினாலும், 30 வீசை, அதாவது 49 கிலோ அரிசி மூட்டை ஏறினாலும் எடை பெரும்பாலும் பின்சக்கரத்தில்தான் விழும். ஸ்டிக்கரில் இருவருக்கான எண் தனியாக இருக்கும். மேலே சொன்ன ரக வண்டிகளில் பின்னால் 41, முன்னால் அதே 29. பாரம் இறங்கியதும் மறுநாள் பழைய அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

மழைக்காலத்தில் பிடிமானம் கூடும் என்று காற்றைக் குறைக்கிறவர்கள் உண்டு. செய்யாதீர்கள். காற்று குறைந்த டயரில் கோடுகள் நெருங்கி, தண்ணீரை வெளியே தள்ள இடமில்லாமல் போகும். குழியில் விழும்போது ரிம்முக்கும் தரைக்கும் நடுவில் டியூப் நசுங்கி, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கீறல் விழும். டியூபைக் கழற்றும்போது இந்த இரட்டைக் கீறல் தெரிந்தால் ஆணியைத் தேடவேண்டாம்.

5. வால்வைப் பாருங்கள்

எச்சில் தொட்டு வைத்துக் குமிழ் வந்தால் வால்வு ஊசியை இறுக்குங்கள், இல்லையென்றால் மாற்றுங்கள். டியூப் டயரில் வால்வு ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், காற்று குறைந்து டயர் ரிம்மில் நகர்ந்து டியூபையும் இழுத்திருக்கிறது என்று பொருள். கையால் நிமிர்த்த வேண்டாம், அடியில் கிழிந்துவிடும். காற்றை முழுக்க இறக்கி, டயரை நகர்த்தி, வால்வு நேரான பிறகு அடிக்கச் சொல்லுங்கள்.