கருத்தடை: மருந்துக்கடையில் எப்படிக் கேட்பது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் என்ன கேட்பது

தமிழ்நாட்டில் 18 வயது நிறைந்த ஒருவர், திருமணமானவரோ ஆகாதவரோ, கருத்தடைச் சாதனம் வாங்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆனாலும் மருந்துக்கடையில் "கல்யாணம் ஆயிடுச்சா?" என்ற ஒரு கேள்வி போதும், கேட்க வந்தவர் இருமல் மருந்தை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவார். ஆகவே எந்த முறை சிறந்தது என்பதைக் காட்டிலும், எதை எங்கே எந்தப் பெயர் சொல்லிக் கேட்பது என்பதையே இங்கு முதன்மையாக எழுதுகிறேன்.

அவசரமான விஷயத்தை முதலில் பார்ப்போம். ஆணுறை கிழிந்துவிட்டாலோ, பாதுகாப்பில்லாமல் உறவு நேர்ந்துவிட்டாலோ, லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம் மாத்திரை ஒன்றை 72 மணி நேரத்துக்குள் விழுங்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் போடுகிறீர்களோ அவ்வளவுக்குப் பலன் கூடும். இது கருமுட்டை வெளியாவதைத் தள்ளிப்போடும் மாத்திரையே தவிர, கருப்பையில் ஏற்கெனவே தங்கிவிட்ட கருவைக் கலைக்காது. மருத்துவர் மேற்பார்வையில் கருக்கலைப்புக்குத் தரப்படும் மிஃபெப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டால் மாத்திரைகள் முற்றிலும் வேறானவை. இரண்டையும் ஒன்றெனக் குழப்பிக்கொள்வதாலோ, வீண் வம்பு எதற்கு என்று நினைப்பதாலோ, சென்னையிலேயே பல கடைக்காரர்கள் அவசர மாத்திரையை வாங்கி வைப்பதில்லை. "கலைக்கிற மாத்திரை" என்ற சொல்லை வாயிலெடுக்காமல், மருந்தின் பெயரையும் அளவையும் தாளில் எழுதி நீட்டுங்கள். இதற்கு மருத்துவர் சீட்டு தேவையில்லை. இரண்டு கடைகளில் இல்லையென்றால் மூன்றாவது கடைக்கு அலைவதைவிட ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போவது மேல். அங்கே இதே மாத்திரை 'ஈசி பில்' என்ற பெயரில் இலவசமாக வழங்கப்படுகிறது. 72 மணி நேரம் கடந்துவிட்டாலும் 5 நாட்களுக்குள், கருப்பைக்குள் வைக்கப்படும் சிறு சாதனமான காப்பர்-டியைப் பொருத்திக்கொண்டால் கரு தங்காமல் தடுக்க முடியும். மாத்திரை போட்ட 2 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொரு மாத்திரை போட வேண்டும். இதை மாதாமாதம் நம்பியிருக்கும் வழக்கமான முறையாக ஆக்கிக்கொள்ளக் கூடாது.

ஆணுறை எல்லா மருந்துக்கடைகளிலும் கிடைக்கும். அரசின் நிரோத் சுகாதார நிலையங்களில் இலவசம். இங்கே சொல்லும் கருத்தடை முறைகளில் பால்வினை நோய்களிலிருந்தும் காப்பது இது ஒன்றுதான். உறையில் காலாவதித் தேதியைப் பார்த்து, பாக்கெட்டை விரலால் அழுத்திக் காற்று இருக்கிறதா என்று சோதித்து, கத்தரிக்கோலோ பல்லோ படாமல் கையால் கிழித்து, நுனியைப் பிடித்துக் காற்றை வெளியேற்றிய பின் அணிய வேண்டும். நம் வீடுகளில் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது தேங்காய் எண்ணெய். அது சில நிமிடங்களிலேயே ரப்பரைப் பலவீனமாக்கிவிடும் என்பதால் எண்ணெய் எதையும் தடவவே கூடாது. மணிபர்சில் மாதக்கணக்கில் வைத்து நசுங்கிப்போனதையும் நம்ப வேண்டாம். சரியாகப் பயன்படுத்தினால் ஓராண்டில் 100 பேரில் சுமார் 2 பேருக்கே கரு தங்கும். நடைமுறையில் அது 13 பேர் வரை போவதற்கு இத்தகைய கவனக்குறைவுகளே பெரிதும் காரணம்.

தொடர்ந்து பயன்படுத்தும் முறை வேண்டுமென்றால் ஆரம்ப சுகாதார நிலையம்தான் நல்ல இடம். செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் கூட்டமும் புதன்கிழமை தடுப்பூசிக் கூட்டமும் இருக்கும் என்பதால் மற்ற நாட்களில் சென்றால் செவிலியருக்கும் பேச நேரம் கிடைக்கும். மாலா-என் என்பது தினமும் போடும் மாத்திரை. 28 மாத்திரைகளில் 21 ஹார்மோன், 7 இரும்புச்சத்து. சாயா ஹார்மோன் அல்லாத மாத்திரை. முதல் 3 மாதம் வாரம் இருமுறையும் பிறகு வாரம் ஒருமுறையும் போட வேண்டும். அந்தரா 3 மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி. நிறுத்திய பிறகு கரு தங்கச் சில மாதங்கள் தாமதமாகலாம். காப்பர்-டி வகையைப் பொறுத்து 5 அல்லது 10 ஆண்டு வரை பயன் தரும். குழந்தை பெறாதவர்களும் போட்டுக்கொள்ளலாம். ஒற்றைத்தலைவலி, ரத்தக்கொதிப்பு, ரத்தக்கட்டி, புகைப்பழக்கம் ஆகியவற்றையும், காசநோய்க்கோ வலிப்புக்கோ மருந்து சாப்பிடுவதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், ஏனெனில் மாலா-என் ஒத்துவருமா என்பதை இவைதான் தீர்மானிக்கின்றன.

ஊர்ச் செவிலியர் உங்கள் அம்மாவுக்குத் தங்கை முறையாகவே இருக்கலாம். இந்த அச்சத்தை அற்பமென்று நான் ஒதுக்க மாட்டேன். கல்லூரி இருக்கும் ஊரிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ வேறு வட்டாரத்துக்கோ போய்க்கொள்ளலாம். முகம் காட்டாமல் கேட்க விரும்பினால் 104 என்ற அரசு சுகாதார உதவி எண் இருக்கிறது. பப்பாளியும் எள்ளும் கருவைத் தடுக்கும் என்று சொல்லும் காணொளியின் முடிவில் ஏதாவது லேகியம் விற்கப்படுகிறதா என்று பாருங்கள். விற்கப்பட்டால் அந்தத் தகவலின் நோக்கம் விளங்கிவிடும்.

18 வயது நிறையாதவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 18 வயதுக்குட்பட்டவரின் சம்மதத்தை ஏற்பதில்லை. பாலுறவு நடந்தது தெரியவந்தால் காவல்துறைக்குத் தெரிவிக்கும் கடமை மருத்துவருக்கும் உண்டு. ஆயினும் தகவல் கேட்பது குற்றமல்ல; 10 முதல் 19 வயதினருக்காகவே அரசின் வளரிளம் பருவத்தினர் ஆலோசனை மையங்கள் இயங்குகின்றன. யாரேனும் வற்புறுத்தினால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைக்கலாம்.

அவசர மாத்திரை போட்டு 3 வாரமாகியும் மாதவிடாய் வரவில்லையென்றால் சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கரு தங்கியிருந்தால் நாட்டுமருந்தையோ, தெரிந்தவர் வாங்கிவந்த மாத்திரையையோ நாடாமல் உடனே அரசு மருத்துவமனை மகப்பேறு பிரிவுக்குச் செல்லுங்கள். 2021இல் திருத்தப்பட்ட கருக்கலைப்புச் சட்டம் கருத்தடை தவறிய காரணத்துக்காக 20 வாரம் வரை கலைக்க இடமளிக்கிறது. சில பிரிவினருக்கு 24 வாரம் வரை. அந்தப் பிரிவினரில் திருமணமாகாத பெண்களும் அடங்குவர் என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பளித்தது. கணவரோ பெற்றோரோ கையெழுத்திட வேண்டும் என்று அங்கே யாராவது சொன்னால், 18 வயது நிறைந்த பெண்ணுக்கு அவருடைய சம்மதம் மட்டுமே சட்டப்படி போதும் என்று மறுத்துச் சொல்லுங்கள்.