மச்சான் பெயரில் இரண்டாவது கடை: பிரான்சைஸ் எடுத்தவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு கம்பெனியின் பெயரையும் முறையையும் வாங்கிக் கடை நடத்தும் பிரான்சைஸ் எடுத்துக் கொஞ்ச நாள் ஓட்டியதும் கை அரிக்க ஆரம்பிக்கும். ஆள் பழகிவிட்டான், கணக்கு பிடிபட்டுவிட்டது, சாயங்காலத்தில் நேரமும் மிஞ்சுகிறது. இன்னொரு தொழில் தொடங்கினால் என்ன? தொடங்கலாம்தான். ஆனால் நாங்கள் தொழிலுக்கு வந்த காலத்தில் செய்த அதே கூத்துகளைப் புதிதாக வருகிறவர்களும் வரிசை மாறாமல் செய்கிறார்கள். கம்பெனிக்கு விற்பனையிலிருந்து தர வேண்டிய ராயல்டியை ஒழுங்காகக் கட்டு, விற்றதை மறைக்காதே என்பதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வெளித்தொழிலில் கால் வைக்கும்போது எங்கே மாட்டுகிறார்கள் என்பதை மட்டும் பார்ப்போம்.

உறவுக்காரர் பெயரில் போட்டிக் கடை

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். தெரிந்த தம்பி ஒருவர் டீக்கடை பிரான்சைஸ் வைத்திருந்தார். நல்ல ஓட்டம். அதே ரோட்டில் நாலு கடை தள்ளி, மச்சான் பெயரில் சொந்தமாக இன்னொரு டீக்கடை போட்டார். கம்பெனியிலிருந்து நோட்டீஸ் வந்த பிறகுதான் என்னிடம் வந்தார். "அண்ணே, அக்ரிமென்ட் என் பேர்ல இருக்கு. அந்தக் கடை மச்சான் பேர்ல இருக்கு. பேப்பர்ல எனக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லையே!"

அக்ரிமென்டை வாங்கிப் புரட்டினேன். 'நேரடியாகவோ மறைமுகமாகவோ, குடும்பத்தினர் மூலமாகவோ' இதே வகைத் தொழில் செய்யக்கூடாது என்று தெளிவாக இருந்தது. தம்பி படித்தது முதலீட்டுப் பக்கத்தையும் லாபக் கணக்கையும் மட்டும்.

எப்படித் தெரிந்தது என்று அவருக்கு ஒரே ஆச்சரியம். இதில் துப்பறிய என்ன இருக்கிறது? இரண்டு கடைக்கும் பால் ஊற்றுகிறவர் ஒருவரே. வேலையை விட்டு அனுப்பிய டீ மாஸ்டர் நேராக ஏரியா மேனேஜருக்குப் போன் போடுவார். இவர் விஷயத்தில் அதுகூடத் தேவைப்படவில்லை. மச்சான் கடை கல்லாவில் ஒட்டியிருந்த கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால் தம்பியின் பெயர் வந்தது.

அடுத்து அவர் எடுத்து வீசியது 27-வது பிரிவு. யூடியூபில் யாரோ சொல்லியிருக்கிறார். 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு இருப்பது உண்மை. தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. அதைக் கேட்டுவிட்டு, அக்ரிமென்டில் உள்ள தடையெல்லாம் வெறும் மிரட்டல் என்று நம்பிவிடுகிறார்கள். ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது கதை வேறு. 1995-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்த குஜராத் பாட்டிலிங் வழக்கு இதைப் பற்றியதுதான். கோகோ கோலாவுக்காக பாட்டிலில் அடைத்துக்கொண்டிருந்த அந்த நிறுவனத்தின் பங்குகள் பெப்சி தரப்பின் கைக்குப் போயின. ஒப்பந்தக் காலத்தில் வேறு பிராண்ட் பானங்களைத் தொடக்கூடாது என்ற நிபந்தனை 27-வது பிரிவுப்படி செல்லாது என்று வாதாடினார்கள். நீதிமன்றம் ஏற்கவில்லை. ஒப்பந்தம் உயிரோடு இருக்கும்வரை அப்படிப்பட்ட நிபந்தனை பிரான்சைஸ் தொழிலை வளர்ப்பதற்குத்தான், அது வியாபாரத் தடை ஆகாது என்றது. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே எடுபடாத வாதம் டீக்கடைக்கு எடுபடுமா?

தம்பிக்கு என்ன ஆனது? சரக்கு நின்றது. பில்லிங் சாப்ட்வேர் பூட்டப்பட்டது. பிரான்சைஸ் கட்டணம் திரும்பாது, டெபாசிட் பிடித்தம். கட்டடக்காரரிடம் போட்ட வாடகை ஒப்பந்தம் மட்டும் தப்பாமல் ஓடுகிறது. கம்பெனி நிறத்தில் செய்த இன்டீரியரை வேறு தொழிலுக்கு வைத்துக்கொள்ளவும் முடியாது.

இதையெல்லாம் விடப் பெரிய அடி வீட்டிலிருந்து வந்தது. சரி, அந்தக் கடையாவது இருக்கிறதே என்று போய் உட்காரப் பார்த்தார். மச்சான் அது தன் கடை என்கிறார்! லைசென்ஸ், ஜிஎஸ்டி, வாடகை ஒப்பந்தம் எல்லாம் மச்சான் பெயர். பணம் போட்டது நான்தான் என்று இவர் கோர்ட்டுக்குப் போனால், 1988-ம் ஆண்டின் பினாமி தடைச் சட்டம் குறுக்கே வந்து நிற்கும். பினாமி சொத்தின் உண்மையான சொந்தக்காரன் நான் என்று உரிமை கேட்டு வழக்குப் போடவே அது இடம் தருவதில்லை. பேப்பரில் சம்பந்தமே இல்லை என்று என்னிடம் சொன்னாரே, அதையேதான் மச்சானும் சொல்கிறார்.

பார்ட்னருக்குச் சொல்லாமல் இன்னொன்று

கம்பெனியைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள்கூடக் கூடவே பணம் போட்ட கூட்டாளியை மறந்துவிடுகிறார்கள். 1932-ம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டம், 16-வது பிரிவு: உங்களுக்குள் வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், கூட்டுத் தொழிலுக்குப் போட்டியாக அதே மாதிரித் தொழிலைத் தனியாக நடத்தும் கூட்டாளி, அதில் வந்த லாபத்துக்குக் கணக்குக் காட்டி அதைக் கூட்டுத் தொழிலுக்கே கொடுக்க வேண்டும். நஷ்டம் வந்தால் அதைப் பங்கிட யாரும் வரமாட்டார்கள்.

இன்னொரு வகையும் உண்டு. கடை இருக்கும் கட்டடம் மனைவி பெயரில் இருக்கும். அதற்குச் சந்தை விலையைவிடக் கூடுதலாக வாடகை வைத்துக் கூட்டுக் கணக்கிலிருந்து எடுப்பார்கள். சொல்லிவிட்டு எடுத்தால் வியாபாரம். சொல்லாமல் எடுத்தால் அதற்கு என்ன பெயர் என்பது கூட்டாளி ஒருநாள் ஆடிட்டரோடு வந்து உட்காரும்போது தெரியும்.

ஒரே கிச்சனில் இரண்டாவது பிராண்ட்

டெலிவரி ஆப்பில் இரண்டு பெயருக்கும் ஒரே விலாசம் வரும். கம்பெனிக்காரரும் பசித்தால் அதே ஆப்பில்தான் ஆர்டர் போடுகிறார்.

கம்பெனி கப்பில் சொந்தச் சரக்கு

வேண்டாம்.

வாய்வழி அனுமதி

"ஏரியா மேனேஜர் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லலையே" என்பது அனுமதி ஆகாது. அவர் அடுத்த மாதம் வேறு ஊருக்கு மாறிப்போவார். வாட்ஸ்அப்பில் அவர் போட்ட கட்டைவிரலும் அவரோடு போய்விடும். என்ன தொழில், எந்த இடம், யார் பெயரில், யாருடைய பணம் என்று நாலு வரி எழுதிக் கம்பெனிக்கே மெயில் போடுங்கள். பதிலில் 'அனுமதிக்கிறோம்' என்று வந்த பிறகு அட்வான்ஸ் கொடுங்கள். ஜவுளி, லாட்ஜ், மெடிக்கல் என்று சம்பந்தமில்லாத தொழில் என்றால் பெரும்பாலும் மறுப்பதில்லை. உங்கள் நேரம் முழுக்கக் கடைக்கே என்று ஒரு நிபந்தனை உள்ளே ஒளிந்திருக்கிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் செய்துவிட்டு விதியை அப்புறம் சரிசெய்துகொள்ளலாம் என்பது பெரிய இடத்திலேயே நிற்கவில்லை. கிரிக்கெட் வாரிய நிர்வாகிகளுக்கு வாரியப் போட்டிகளில் வணிக ஈடுபாடு இருக்கக்கூடாது என்றிருந்த விதியிலிருந்து ஐபிஎல் போன்ற போட்டிகளுக்கு விலக்குக் கொடுத்தது 2008 செப்டம்பரில். அதற்குள் முதல் சீசனே முடிந்திருந்தது. சென்னை அணியை வாங்கிய நிறுவனத்தின் தலைமையில் இருந்தவர், அணியை வாங்கியபோது வாரியத்தின் பொருளாளர். 2015 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தத்தையே ரத்து செய்தது.

ஒப்பந்தம் முடிந்த மறுநாளே

முடிந்த பிறகும் இத்தனை வருடம் இந்தத் தொழிலே செய்யக்கூடாது என்று எழுதியிருந்தால், அங்கேதான் 27-வது பிரிவு உங்களுக்கு உதவும். அப்படிப்பட்ட தடை பொதுவாக நிற்பதில்லை. ஆனால் போர்டை மட்டும் மாற்றிவிட்டு அதே பெயின்ட், அதே மெனு கார்டு, பழைய பெயரிலேயே கூகுள் மேப் பதிவு என்று கடையைத் திறந்தால், வருகிற நோட்டீஸ் டிரேட்மார்க் சட்டத்தின்படி வரும். அங்கே 27-ஐத் தூக்கிக்கொண்டு போக முடியாது.