எடை பார்க்கும் நாளிலிருந்து தொடங்குங்கள்: பள்ளி ஆசிரியர்களுக்கு

மாணவர்கள் தங்கள் உடலையும் உணவையும் குறித்துக் கூச்சமும் குற்றவுணர்வும் இன்றி வளர வேண்டுமானால், அவர்களை வரிசையில் நிறுத்தி, எடையை உரக்கச் சொல்லி ஏட்டில் எழுதும் வழக்கத்தை முதலில் கைவிட வேண்டும். ஒவ்வொருவரையும் தனியே அளந்து, அந்த எண்ணை அவரிடமும் பெற்றோரிடமும் மட்டும் தெரிவியுங்கள். 'குண்டு', 'ஒல்லிக்குச்சி', 'கருப்பி' போன்ற பட்டப்பெயர்களைச் சில வேளைகளில் ஆசிரியர்களாகிய நாமே தொடங்கிவைக்கிறோம் என்பதை வருத்தத்துடன் ஒப்புக்கொண்டு, வகுப்பில் அவை விளையாட்டாகக்கூட ஒலிக்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். பூப்பெய்தும் பருவத்தில் பெண்களுக்கு இடுப்பிலும் தொடையிலும் சதை கூடுவதும், ஆண் பிள்ளைகள் பெரும்பாலும் சற்றுப் பிந்தி வளர்வதும் இயல்பே என்பதை அறிவியல் பாடவேளையில் தயக்கமின்றி விளக்குங்கள்.

உணவை நல்லது, கெட்டது என்று பிரித்துப் பேசினால் குற்றவுணர்வே வளரும். அதைவிட, கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்து மிகுதி என்பதையும், முருங்கைக்கீரையோடு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்தால் இரும்புச்சத்து உடலில் நன்கு சேரும் என்பதையும், உணவுக்குப் பின் உடனே தேநீர் குடித்தால் அது குறையும் என்பதையும் சொல்லலாம். தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் தொடக்க வகுப்புகளுக்கானது; ஆகவே மேல்வகுப்பு மாணவர்கள் வெறும் வயிற்றோடு வருகிறார்களா என்று தனியே விசாரிப்பது அவசியம்.

மதிய உணவைத் தொடர்ந்து தவிர்ப்பவர், விரைவாக மெலிபவர், அடிக்கடி மயங்குபவர், மாதவிடாய் நின்றுபோன மாணவி ஆகியோரிடம் அறிவுரை கூறாமல் தனியே பேசி, பெற்றோருடன் மருத்துவரிடம் அனுப்புங்கள்.