குழும நிறுவனங்களுக்குள் வணிகப் பெயருக்கு ராயல்டி: மதிப்பிடுவது எப்படி?

தாய் நிறுவனத்தின் பெயரைத் துணை நிறுவனம் பயன்படுத்துகிறது. வரி அதிகாரி ஏற்கும்படி அதற்கு எவ்வளவு ராயல்டி, அதாவது பயன்பாட்டுக் கட்டணம், தரலாம்? புதியவர்கள் உடனே ஒரு சதவீதத்தைத் தேடுகிறார்கள். அது கடைசியில் வரவேண்டிய வேலை.

முதலில், அந்தப் பெயரால் பயன் உண்டா என்று பாருங்கள். பெயருக்காக வாடிக்கையாளர் கூடுதல் விலை தருகிறாரா, அல்லது விற்பனை கூடுகிறதா? குழுமத்தைச் சேர்ந்த நிறுவனம் என்று காட்ட மட்டுமே பெயர் இருந்தால், பொதுவாக அதற்குப் பணம் தரத் தேவையில்லை என்கின்றன ஓ.இ.சி.டி. (பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு) வழிகாட்டுதல்கள்.

அடுத்து, பெயரை வளர்த்தது யார்? இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். பதிவுச் சான்றிதழ் தாய் நிறுவனத்திடம் இருக்கலாம். ஆனால் விளம்பரத்துக்குச் செலவழித்து, நஷ்ட அபாயத்தைத் தாங்கி, அந்தச் சந்தையில் பெயரை நிலைநிறுத்தியது துணை நிறுவனமாக இருக்கலாம். அப்படியானால் தன் உழைப்பில் வளர்ந்த பெயருக்கே முழு ராயல்டி கட்டுவது நியாயமில்லை. உருவாக்கம், மேம்பாடு, பராமரிப்பு, பாதுகாப்பு, பயன்பாடு என்ற ஐந்து வேலைகளையும் யார் செய்தார், யார் முடிவெடுத்தார், யார் பணம் போட்டார் என்று பட்டியல் போடுங்கள். நிறுவனங்கள் வரியைக் குறைக்க லாபத்தை நாடு மாற்றுவதைத் தடுக்க 2015-இல் ஓ.இ.சி.டி. வெளியிட்ட பெப்ஸ் அறிக்கைகள் வலியுறுத்துவதும் இதைத்தான்.

சரி, இப்போது சதவீதம். தொடர்பில்லாத இருவர் போட்ட உரிம ஒப்பந்தங்களைத் தேடுங்கள். துறை ஒத்திருந்தால் மட்டும் போதாது. ஏகபோக உரிமையா, எந்தப் பகுதிக்கு, எத்தனை ஆண்டு, விளம்பரச் செலவு யாருடையது என்பதும் ஒத்துவர வேண்டும். 'லாபத்தில் 25 சதவீதம் ராயல்டி' என்ற பழைய கணக்கை நம்பாதீர்கள். காப்புரிமை வழக்கொன்றில் 2011-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றமே அதை ஏற்க மறுத்துவிட்டது.

பெயரையே விற்பதானால், பெயர் சொந்தமாக இருப்பதால் கட்டாமல் மிச்சமாகும் ராயல்டியை வைத்து மதிப்பிடலாம். உதாரணமாக, மூன்று ஆண்டு விற்பனை 100, 110, 121, ராயல்டி 3%, வரி 25% என்று வைத்துக்கொள்ளுங்கள். வரி போக மிச்சம் 2.25, 2.48, 2.72. இவற்றை 12% கழிவு வீதத்தில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் மூன்றாண்டுக்குச் சுமார் 5.92. அதற்குப் பிந்தைய ஆண்டுகளையும் சேர்க்க வேண்டும்.

அப்புறம் ஒரு சோதனை. ராயல்டிக்கு முன் துணை நிறுவனத்தின் லாபம் விற்பனையில் 8% என்றால், 3% கட்டிய பின் 5% மிஞ்சும். அதே வேலையைச் செய்யும் தனி நிறுவனங்கள் 6% சம்பாதித்தால், வீதத்தைக் குறைத்துப் பாருங்கள்.

இந்தக் கணக்குகளை ஒப்பந்தம் போடும்போதே தேதியிட்டு எழுதி வையுங்கள். வரி அதிகாரி கேட்ட பிறகு எழுதுவதற்கு அத்தனை மதிப்பு இருக்காது.