ஆடாதோடையில் வாசிசினைக் கண்டுபிடிப்பது எப்படி?

புதிதாக வரும் மாணவர்களிடம் முதலில் ஆடாதோடை இலையைத்தான் கொடுப்பேன். வேலியோரம் கிடைக்கும், அதிலுள்ள வாசிசின் என்ற ஆல்கலாய்டும் (செடிகளில் உள்ள, நைட்ரஜன் கொண்ட காரத்தன்மைப் பொருள்) எளிதில் மாட்டும்.

நிழலில் உலர்த்திப் பொடித்து, மெத்தனாலில் ஒரு நாள் ஊறவைத்து வடிகட்டுங்கள். மெத்தனாலை ஆவியாக்கினால் கரும்பச்சைப் பிசுக்கு மிஞ்சும். அதில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டுக் கலக்கி மறுபடி வடிகட்டுங்கள். அவசரக்காரர்கள் விட்டுவிடும் படி இதுதான். பச்சையம் வடிதாளில் தங்கும். ஆல்கலாய்டு உப்பாகி அமிலத்தோடு இறங்கும். வடிநீரில் கொஞ்சம் எடுத்து, ஆல்கலாய்டைக் காட்டும் டிராகன்டார்ஃப் கரைசல் இரண்டு துளி விட்டால் ஆரஞ்சு வீழ்படிவு வரும். புரதமும் இப்படி ஏமாற்றும், அதனால் உடனே குதிக்காதீர்கள்.

அப்புறம், மீதி வடிநீரை அம்மோனியாவால் காரமாக்கி, குளோரோஃபார்மில் பிரித்தெடுத்து, டிஎல்சி தகட்டில் (கலவையிலுள்ள பொருட்களைத் தனித்தனிப் பொட்டுகளாகப் பிரிக்கும் மெல்லடுக்குத் தகடு) தூய வாசிசினுக்குப் பக்கத்தில் ஓடவிடுங்கள். டிராகன்டார்ஃப் கரைசலையே தகட்டில் தெளித்தால் இரண்டு ஆரஞ்சுப் பொட்டும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். மூலக்கூறின் நிறையைக் காட்டும் மாஸ் ஸ்பெக்ட்ரத்திலும் 189 (வாசிசினோடு ஒரு புரோட்டான் சேர்ந்த நிறை) வந்தால் நான் கையெழுத்துப் போடுவேன்.